சின்னக்கொடி நலமாக இருக்கிறாள்

சிகிச்சை முடிந்த அன்று டாக்டர்களுக்கு நன்றி சொன்னது நான் இல்லை. என் கழுத்தில் தொங்கிய பெட்டி.

"உங்க எல்லாரையும் என் குடும்பமாத்தான் நினைக்கிறேன்," என்றது. நர்சுகள் கைதட்டினார்கள். என் கணவர் தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் ஆதிரை வீடியோ எடுத்தாள். அந்த நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தது, செருப்பு வாரை யார் இவ்வளவு இறுக்கிப் போட்டது என்பதை. அப்புறம், நாளைக் காலையில் எழுந்து எங்கே போவது என்பதை. பெட்டி இரண்டையும் சொல்லவில்லை.

குரல்வளையில் புற்று. பாதியை வெட்டி எடுத்தார்கள். என் உடம்பிலிருந்தே எடுத்த செல்லை வளர்த்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். அதற்கு மேல் கதிர்வீச்சு. ஒட்டிய சதை குரலாகப் பழகும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோயாளி கையில் ஒரு சிலேட்டைக் கொடுப்பார்களாம். இப்போது பெட்டி. அறுவை சிகிச்சைக்கு முன் நான் பேசியதையெல்லாம் கேட்டுச் சேர்த்து வைத்துக்கொண்டது. கழுத்துத் தோலுக்கடியில் இரண்டு வில்லைகள் பதித்தார்கள். நான் ஒன்றைச் சொல்ல நினைத்தால் நரம்பு லேசாகத் துடிக்குமாம். வில்லை அதைப் படித்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி என் பழைய குரலில் பேசும். தாகமெடுத்தால் தண்ணீர் கேட்டது. தலையணையை நகர்த்தச் சொன்னது. நல்ல கருவிதான், பொய் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் குரல் பிரதிநிதி. என் பெயர் ஜெயக்கொடி என்பதால் ஆதிரை அதற்குச் சின்னக்கொடி என்று பெயர் வைத்தாள். அன்றைக்குச் சிரித்தோம்.

பிறகு எனக்குக் குரல் வந்தது. கிரைண்டரில் அரிசிக்குப் பதில் ஜல்லியைப் போட்டு ஓட்டினால் ஒரு சத்தம் வருமே, அந்தக் குரல். ஆனால் குரல். நானே நினைத்து, நானே வாயைத் திறந்து, நானே பேசலாம். அதோடு சின்னக்கொடியின் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

"ஜெயா, காப்பியா டீயா?" என்று தவசி கேட்பார். கேட்பது என்னிடம் இல்லை, ஃபிரிட்ஜைப் பார்த்து. பெட்டியை நான் கழுத்திலிருந்து கழற்றிய நாளிலிருந்து அது ஃபிரிட்ஜ் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"காப்பி," என்பேன் நான்.

"சூடு ஆறினதும் பால் மட்டும் குடுங்க, போதும்," என்று சொல்லும் ஃபிரிட்ஜ்.

பால் வரும்.

"நான் காப்பின்னு சொன்னேன்ல?"

"உனக்கு இப்பக் கோவம் ஜாஸ்தி. அதுக்குத்தான் உன் உடம்பு என்ன கேக்குதுன்னு தெரியும்," என்பார்.

தவசிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஓடாத மோட்டாரைப் பிரித்து, எரிந்த கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி ஓட வைப்பவர். ஓடிவிட்டால் கதை முடிந்தது, அடுத்த மோட்டார். என்னையும் சுற்றிக் கட்டி ஓடவிட்டாயிற்று என்று நம்பினார். ஓடுகிற மோட்டார் ஏன் இப்படி உறுமுகிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

பார்க்க வருகிறவர்கள் என்னிடம், "எப்படிம்மா இருக்கே?" என்பார்கள். நான் வாயைத் திறப்பேன். முதல் வார்த்தையிலேயே அவர்கள் முகம் சுருங்கும். அதற்குள் ஃபிரிட்ஜ் மேலிருந்து, "நல்லா இருக்கேன்! உங்க வேண்டுதல்தான் காப்பாத்துச்சு!" என்று மணிமணியாக வரும். எல்லார் முகமும் மலரும். ஃபிரிட்ஜைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் நாத்தனார் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டால், "சின்னக்கொடிகிட்டக் குடு, அவதான் நல்லாப் பேசுவா," என்பாள்.

ஒருநாள் பொறுக்காமல் பெட்டியைத் தூக்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். சாயங்காலம் ஆதிரை கல்லூரியிலிருந்து வந்து, "அம்மா எங்க?" என்றாள். நான் எதிரில்தான் நின்றேன்.

"இங்க இருக்கேன் கண்ணு, நல்லா இருக்கேன்," என்றது அரிசி.

ஆதிரை டிரம்மைத் திறந்து, அதை எடுத்து, துப்பட்டாவால் துடைத்தாள். "ஏம்மா இப்படிப் பண்றே? ஆறு மாசம் உனக்காகப் பேசின பொருளும்மா."

"பேசட்டும்னு நான் சொல்லலையே இப்ப."

"நீ இப்ப எதைச் சொன்னாலும் திட்டுற மாதிரியே இருக்கு. அதான் உடம்பு குணமாயிருச்சே. சந்தோசமா இருக்கலாம்ல?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? டாக்டர், "எல்லாம் க்ளியர், மூணு மாசம் கழிச்சு வாங்க," என்றார். அதைக் கேட்டதும் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னமும் ரத்தம் எடுக்க வரும் நேரத்துக்கு விழித்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். குளிக்கும்போது கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரிப் பை கட்டிலுக்கடியில் கட்டினபடியே கிடந்தது. பிரிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

சரி, வேலைக்குப் போவோம் என்று முடிவு செய்தேன்.

நான் கோர்ட்டில் டவாலி. சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வாதி, பிரதிவாதி, சாட்சி பெயர்களைக் கூப்பிடுவேன். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை ஹாலுக்குள் இருப்பவனுக்கு. இரண்டாவது வராண்டாவுக்கு. மூன்றாவது, வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு நிற்பவனுக்கு. மூன்றுக்கும் ஆள் வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி. ஆள் இல்லாமலே தீர்ப்பு. அதனால் மூன்றாவது கூப்பாட்டை நான் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. என் மூன்றாவது கூப்பாட்டுக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான் என்று வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள்.

யாரிடமும் சொல்லாமல் புடவை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கேட்டைத் தாண்டும்போதே கேட்டது.

"சோலைமலை... சோலைமலை... சோலைமலை..."

என் குரல். அறுவை சிகிச்சைக்கு முந்தைய குரல். வராண்டாத் தூணில் மாட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மூன்றாவது கூப்பாடு நான் இழுப்பதுபோலவே இழுத்தது. சோலைமலை என்கிற ஆள் வேப்பமரத்தடியிலிருந்து டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஹெட்கிளார்க் சந்தானம் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கம்மா வாங்க! ஆளு தேறிட்டீங்களே. எதுக்கு அலையறீங்க? அதான் உங்க வேலை நடந்துக்கிட்டிருக்கே."

"யார் சார் இதைப் போட்டது?"

"உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்தாரு. நாங்க அப்படியே விடலைம்மா. சின்னக்கொடிகிட்ட முறையாக் கேட்டோம். 'நான் வீட்ல ஓய்வா இருக்கேன் சார், என் குரல் வந்து வேலை பாக்கட்டும்'னு சொல்லிச்சு. எவ்வளவு பக்குவமாச் சொல்லிச்சு தெரியுமா?"

"நான் சொல்லலை சார்."

"உங்க குரல்தானேம்மா?"

"என் குரல்தான். நான் இல்லை."

சந்தானம் என் தொண்டையைப் பார்த்தார். என் பேச்சைக் கேட்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வது தெரிந்தது. "குரல் ஒரு மாதிரி இருக்கும்மா. இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்."

"எனக்கு ரெஸ்ட் வேணாம். பட்டையைக் குடுங்க."

"அப்படிச் செய்ய முடியாதும்மா. ஆஸ்பத்திரியில பிரதிநிதியை ரத்து பண்ணிட்டு வாங்க. அது இருக்கிறவரைக்கும் அது சொல்றதும் நீங்க சொன்னதாத்தான் எடுத்துக்கணும். ரத்துக்கு உங்க கைரேகையும் வேணும், உங்களப் பாத்துக்கிட்டவர் கைரேகையும் வேணும். வலி தாங்காம நோயாளிங்க பெட்டியத் தூக்கிப் போட்டுறக்கூடாதுன்னு அப்படி ஒரு விதி."

நேரே தவசியின் கடைக்குப் போனேன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் வேலையத் தூக்கி ஸ்பீக்கர்கிட்டக் குடுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே."

"யாரை?"

அவர் மறுபடி கம்பி சுற்றினார்.

"உன் போஸ்ட் போயிறக்கூடாதுன்னுதான் செஞ்சேன் ஜெயா. வேற ஆளப் போடப் பாத்தாங்க."

"ரத்து பண்ணுவோம். வாங்க, ரேகை வைங்க."

"இருக்கட்டுமே அது ஒரு ஓரமா. உன்னை என்ன பண்ணுது?" கம்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீ வீட்டுக்கு வந்ததிலேர்ந்து எரிஞ்சு எரிஞ்சு விழுற. அது பேசினா நீ பேசுற மாதிரி இருக்கு. எனக்கும் மனுசன் மாதிரி ரெண்டு வார்த்தை வேணும்ல?"

"எந்த நான் பேசுற மாதிரி?"

"பழைய நீ."

"பழைய நான் உங்களச் சோத்துத் தட்டோட வாசலுக்கு அனுப்பியிருக்கேன். மறந்து போச்சா?"

அவரை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அனுப்பின. அப்புறம் நீயே ரசத்தை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தே."

"சின்னக்கொடி என்னைக்காவது அனுப்பிச்சா?"

சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா. ஆஸ்பத்திரியில அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுப் பாப்போம். அது ரத்து பண்ணலாம்னு சொன்னா ரேகை வைக்கிறேன்," என்றார்.

அந்தப் பிள்ளை ரெஹானா. ஆஸ்பத்திரியில் குரல் பிரதிநிதிப் பிரிவைப் பார்ப்பவள். வார்டில் எனக்கு வில்லை பதித்தவள் அவள்தான். போகிற வழியில் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு நான் ஜல்லியைக் கொட்டினேன். அவள் முகம் சுருங்கவில்லை. இந்தக் குரலைப் போலப் பல குரல்களைக் கேட்டவள்.

"ரெஹானா, இதுக்கு எங்கேர்ந்து இவ்வளவு நல்ல குணம் வந்துச்சு? என் வாய் எப்படிப்பட்டதுன்னு கோர்ட்ல கேட்டுப் பாரு."

"அக்கா, இதை ரத்து பண்ண வர்றவங்க ரொம்பக் கம்மி. வீட்ல விடமாட்டாங்க." பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு ஆரஞ்சுப் பொத்தான் இருந்தது. "இதை யார் வச்சிருந்தீங்க?"

"அது சத்தம் கூட்டிக் குறைக்கிறது இல்லையா?" என்றேன். படுக்கையில் கிடந்தபோது தவசியின் கட்டைவிரல் அதன் மேல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"இல்லக்கா. 'இது அவர் இல்லை' பொத்தான். உங்க நரம்பு சொல்றது பாதி கலங்கலாத்தான் கிடைக்கும். மீதிய இது ஊகிக்கும். நீங்க காப்பின்னு நினைச்சு இது டீன்னு கேட்டுச்சுன்னா, கூட இருக்கிறவங்க அழுத்தணும். இது திருத்திக்கும். அதுக்காக வச்சதுதான்."

"இவர் எதுக்கு அழுத்துனாரு?"

ரெஹானா தவசியைப் பார்த்தாள். அவர் நகத்தில் ஒட்டியிருந்த மோட்டார் வார்னிஷைச் சுரண்டினார்.

"ஒருநாள் 'எல்லாரும் வெளிய போங்க'ன்னுச்சு," என்றார். "ஆதிரை அப்பத்தான் பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்து நிக்கிறா. இன்னொரு நாள், 'என்னை எதுக்குப் போட்டு இழுக்கிறீங்க, விட்டுருங்க'ன்னுச்சு. பிள்ளை பாத்ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. நீ அப்படிப் பேசுற ஆளா? மிஷின் தப்பாப் பேசுதுன்னு அழுத்துனேன்."

"மிஷின் தப்பாப் பேசலை. நான்தான் பேசினேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?" அடுத்த நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "தெரியும்னே வச்சுக்க. அப்ப வேற என்ன செய்யச் சொல்ற?" என்றார்.

"நீங்க அழுத்த அழுத்த," என்றாள் ரெஹானா, "எப்படிப் பேசினா அழுத்த மாட்டீங்கன்னு இது கத்துக்குச்சு அண்ணே. அவ்வளவுதான். இப்ப இது பேசறது பாதிக்கு மேல அக்கா இல்ல. உங்க விரல்."

எனக்கு ஒரு கேஸ் ஜெயித்த மாதிரி இருந்தது. மறைக்கவில்லை. "கேட்டுக்கிட்டீங்களா? பால் கேட்டது யாருன்னு இப்பத் தெரியுதா?"

"திருத்தமெல்லாம் எடுத்துட்டு, வெறும் நரம்பை மட்டும் படிக்க வைக்கலாம்," என்றாள் ரெஹானா. "ரத்து பண்ணும்முன்ன ஒரு தடவை கேக்கறீங்களா? அண்ணனுக்குத் தெளிவாயிரும்."

"போடு," என்றேன். "நல்லாக் கேக்கட்டும்."

எனக்குத் தெரியும், அது என்ன சொல்லும் என்று. காப்பி கேட்கும். காரக்குழம்பு கேட்கும். சிவப்புப் பட்டை கேட்கும். தவசியை நாலு திட்டுத் திட்டும். மேஜை மேலிருந்த பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ரெஹானா தன் திரையில் எதையோ தட்டினாள்.

தவசி குனிந்து பெட்டியிடம் கேட்டார். "ஜெயா, உனக்கு இப்ப என்ன வேணும்?"

அப்போதும் பெட்டியிடம்தான்.

அந்தப் பழைய குரல், வேப்பமரம்வரை போகும் அதே குரல், ரொம்பத் தாழ்ந்து வந்தது.

"திரும்ப வந்துட்டா நல்லா இருக்கும்."

"எது?"

"அந்த நோய். அது இருந்தப்பக் காலையில எந்திரிச்சா எங்க போகணும்னு தெரியும். யாரு வருவாங்க, எந்த ஊசி போடுவாங்க, எல்லாம் தெரியும். இப்ப எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னு போயிட்டாங்க. எனக்கு முடியலை. எந்த நேரம் திரும்ப வருமோன்னு உக்காந்திருக்கிறதுக்கு அது வந்தே தொலையலாம். பையை நான் பிரிக்கவே இல்ல, ஏன்னா..."

டிக் என்று ஒரு சத்தம். பெட்டி நின்றது. பிறகு, "இது அவர் இல்லை. திருத்தம் ஏற்கப்பட்டது," என்று வேறொரு குரல் சொன்னது.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இவ்வளவு கேட்டும் இந்த மனுஷன் திருந்தவில்லையே என்று திரும்பினேன்.

தவசியின் இரண்டு கைகளும் அவர் முழங்கால் மேல் இருந்தன. வார்னிஷ் கறையோடு, அசையாமல்.

ஆரஞ்சுப் பொத்தான் மேல் இருந்தது என் கட்டைவிரல்.

ரெஹானா ரேகை வைக்கும் தகட்டை எங்கள் பக்கம் நகர்த்தினாள். தவசிதான் முதலில் வைத்தார். எனக்காக வைத்தாரா, இல்லை, அது பேசியதை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லாமல் வைத்தாரா, தெரியவில்லை. நானும் வைத்தேன். பெட்டியை அவள் வாங்கி இழுப்பறையில் போட்டாள். வில்லைகளை அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றாள். கோர்ட்டுக்கு அன்றைக்கே தகவல் போய்விடும் என்றும், திங்கட்கிழமை நான் போய்ப் பட்டை கட்டலாம் என்றும் சொன்னாள். தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் பின்னால்தான் இடம் கிடைத்தது. மின்சார பஸ், சத்தமே இருக்காது என்று சொல்லித்தான் விட்டார்கள். எஞ்சின் சத்தம் இல்லாத குறையை ஜன்னல் கண்ணாடிகள் தீர்த்துவைத்தன. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்வது மாதிரி ஒரு ஆட்டம்.

தவசி வெகுநேரம் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தத் தடவ நான் அழுத்தல," என்றார்.

"தெரியும்."

இன்னும் இரண்டு ஸ்டாப் போயிற்று. அப்புறம் அவர் திரும்பினார். பார்க்க ஃபிரிட்ஜ் இல்லை, பெட்டி இல்லை. வேறு வழியில்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"அது சொன்னது நிசமா?"

மடியில் என் கட்டைவிரல் எதையோ தேடியது. புடவைதான் கிடைத்தது.

"ஆமா," என்றேன்.

"என்ன?" காதைக் கிட்டே கொண்டுவந்தார். கண்ணாடிகள் கடகடத்தன.

"ஆமாங்க."

"கேக்கல ஜெயா. என்ன சொன்ன?"

ஒரு கணம் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன் என்று கையைக் காட்டினால் அவரும் விட்டுவிடுவார். இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. ஆனால் மூன்றாவதை நான் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன்.

"ஆமா! நிசம்தான்! பயமாத்தான் இருக்கு!"

ஜல்லி பஸ் முழுக்கக் கொட்டியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. முன்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். "யாருக்கும்மா பயமா இருக்கு? மெதுவாத்தானே ஓட்டுறாரு!"

தவசி அவரை நிறுத்தக் கையைத் தூக்கினார். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கை எழும்பும், அந்த மாதிரி. தூக்கிய கையை இறக்க மறந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சு," என்றார்.

எல்லாம் சரியாயிரும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பேன்.